இரு கடல்களின் வரவு செலவு

கடந்த தவணையின் இறுதி வாரத்தில் ஒருநாட் பிற்பகல், எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சிறு பரிசோதனையைச் செய்து காட்டினேன். நீண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றின் நடுவே பலகைத் தடுப்பொன்றை நிறுத்தினோம். தடுப்பிலே இரண்டு துவாரங்கள் இருந்தன. ஒன்று மேலே, மற்றது அடியிலே. இரண்டையும் தக்கையால் அடைத்தோம். ஒருபுறத்தில் கிணற்றிலிருந்து அள்ளிய நன்னீரை ஊற்றிச் சிறிது சிவப்புச் சாயம் சேர்த்தோம். மறுபுறத்தில் கறியுப்பு நன்கு கரைத்த நீரை அதே மட்டத்துக்கு ஊற்றி நீலச் சாயம் சேர்த்தோம். பின்னர் இரு தக்கைகளையும் ஒருங்கே அகற்றினோம்.

நீல நீர் அடித்துவாரத்தின் வழியே பாம்புபோல் ஊர்ந்து நன்னீரின் அடியிற் பரந்தது. அதே வேளையில் சிவப்பு நீர் மேல்துவாரத்தின் வழியே மறுபுறம் சென்று உப்புநீரின்மேல் ஆடைபோற் படர்ந்தது. ஒரே தடுப்பிலே எதிரெதிரான இரண்டு ஓட்டங்கள்! மாணவர்கள் கைகொட்டி மகிழ்ந்தனர். ஆனாற் சில நிமிடங்களுக்குள் ஓட்டம் தளர்ந்தது. இருபுறமும் கீழே நீலமும் மேலே சிவப்புமாக நீர் அமைதியடைந்தது.

"கடல்களை இணைக்கும் நீரிணைகளிலும் இவ்வாறே நிகழ்கின்றது" என்று நான் கூறி முடிக்குமுன், பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்:

"சேர், இது நாலைந்து நிமிடத்திலே நின்றுவிட்டதே! கடலில் மட்டும் ஏன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிற்கவில்லை?"

மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் விடை கூறவும் இயலாது. அவனுக்கும், அவன்போல் வினவும் ஏனைய மாணவர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் விடையாக இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

இரு கண்டங்களின் வாயில்

தேசப்படத்தை விரித்துத் துருக்கி நாட்டை நோக்குக. வடக்கே கருங்கடல், தெற்கே மத்தியதரைக் கடலின் கிளையாகிய ஈஜியன் கடல். இவை இரண்டுக்கும் இடையே மர்மரா என்னும் சிறு கடல் உண்டு. மர்மராவைக் கருங்கடலோடு இணைப்பது பொஸ்பரஸ் நீரிணை. ஈஜியன் கடலோடு இணைப்பது தார்தனல்ஸ் நீரிணை. பொஸ்பரசின் இரு கரைகளிலும் விரிந்து கிடப்பது, முன்னாளிற் கொன்ஸ்தாந்திநோபிள் என வழங்கிய இஸ்தான்புல் மாநகரம். ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா.

பொஸ்பரசின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மிக ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 700 மீற்றரே. வளைந்து நெளிந்து கிடக்கும் இந்நீர்வழியின் மேற்பரப்பிலே கருங்கடலின் நீர் தென்திசை நோக்கி ஆறுபோல் விரைந்தோடுகின்றது. ஒடுக்கமான முனைகளிலே அதனை எதிர்த்துத் துடுப்பு வலிப்பது பழைய படகோட்டிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கரையில் நின்று பார்ப்பவனுக்கு இஃது ஒருவழி ஓட்டமாகவே தோன்றும். ஆயினும் கடலில் வலை வீசியவர்களுக்கு வேறொரு செய்தி தெரிந்திருந்தது. ஆழத்தில் இறங்கிய வலை, மேலோட்டத்துக்கு மாறாக வடதிசை நோக்கி இழுபடுவதை அவர்கள் கண்டிருந்தனர். கி. பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ், அப்பகுதி மீனவர்கள் கூறிய இச்செய்தியைத் தமது வரலாற்று நூலிலே குறித்து வைத்தார். அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை அளந்து பார்ப்பாரில்லை.

இருபத்தொரு வயது இளைஞர்

1679ஆம் ஆண்டு வெனிஸ் குடியரசின் தூதுவரோடு கொன்ஸ்தாந்திநோபிளுக்குச் சென்ற கூட்டத்தில் லூயிஜி பெர்தினாந்தோ மார்சிலி என்னும் இளைஞர் ஒருவர் இருந்தார். இத்தாலியின் பொலோனா நகரிலே 1658இற் பிறந்த அவருக்கு அப்போது வயது 21. மீனவர்களின் பேச்சைக் கட்டுக்கதையென்று தள்ளாமல், அதனைச் சோதித்தறிய அவர் முற்பட்டார்.

வெண்ணிறம் பூசிய தக்கைத் துண்டுகளை ஒரு கயிற்றிலே இடைவிட்டுக் கட்டி, நுனியிற் பாரம் தூக்கி, படகிலிருந்து நீரினுள் இறக்கினார். மேலே இருந்த தக்கைகள் மர்மராக் கடற்பக்கம் சாய்ந்தன. ஆழத்தில் இருந்தவையோ கருங்கடற்பக்கம் சாய்ந்தன! மீனவர் வாக்கு மெய்யென்பது கண்ணெதிரே நிறுவப்பட்டது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மேல்நீரையும் ஆழ்நீரையும் தனித்தனியே எடுத்து நிறுத்துப் பார்த்தார். ஆழ்நீர் கனமானது, அதாவது உப்பு மிகுந்தது. அப்படியாயின் இந்தக் கனவேறுபாடே கீழோட்டத்துக்குக் காரணமாகலாம் அன்றோ? இதனைத் தெளிவதற்காக அவர் நடுவே தடுப்புடைய தொட்டியொன்றைச் செய்வித்தார். ஒருபுறம் கனமான நீரையும் மறுபுறம் இலேசான நீரையும் நிரப்பித் தடுப்பின் துவாரங்களைத் திறந்தார். கனநீர் அடியிலும் இலேசான நீர் மேலிலும் எதிரெதிராக ஓடின. எமது ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்தது அவர் செய்ததன் மறுபதிப்பேயாகும். 1681இல் உரோமாபுரியில் அச்சான அவருடைய நூல், சுவீடன் நாட்டின் முன்னாள் அரசி கிறிஸ்தினாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

ஒரு பெருங்கடலின் செயலைச் சிறு தொட்டிக்குள் அடக்கிக் காரணம் தேடிய அப்பணியையே இந்நாளில் 'மாதிரி அமைத்தல்' என்கின்றோம். மாதிரி என்பது கடலின் பொம்மையன்று. கடலில் உள்ள ஆயிரம் விடயங்களில், இவ்விளைவுக்கு இன்றியமையாதவை எவை என்று பிரித்தெடுக்கும் முயற்சியே மாதிரி.

தராசின் இரு தட்டுகள்

ஒரே நீரிணையில் மேலோட்டம் ஒருபுறமும் கீழோட்டம் மறுபுறமும் செல்வது எவ்வாறு? சிறு கணக்கொன்றாற் காணலாம்.

பொஸ்பரசின் கருங்கடல் முனையில் நீர்மட்டம் மர்மரா முனையிலும் பார்க்கச் சராசரியாக 30 சதமமீற்றர் வரை உயர்ந்திருக்கின்றது. எளிமையின் பொருட்டு, ஒருபுறம் முழுவதும் கருங்கடலின் மேல்நீரும், மறுபுறம் முழுவதும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்த உவர்நீரும் நிறைந்துள்ளன எனக் கொள்வோம். கருங்கடல் மேல்நீரின் ஒரு கனமீற்றர் நிறை ஏறத்தாழ 1,013 கிலோகிராம். உவர்நீரின் ஒரு கனமீற்றர் நிறை ஏறத்தாழ 1,028 கிலோகிராம்.

மேற்பரப்பருகே கருங்கடலுக்கே வலிமை. அதன் மட்டம் உயர்வாயிற்றே! அந்த 30 சதமமீற்றர் உயரமுள்ள நீர், ஒவ்வொரு சதுரமீற்றரிலும் ஏறத்தாழ 300 கிலோகிராம் மேலதிக பாரமாக அழுத்துகின்றது. ஆனால் ஆழத்தில் ஒவ்வொரு மீற்றர் இறங்குந்தோறும் உவர்நீர் 15 கிலோகிராம் வீதம் அந்தக் கடனை அடைத்துக்கொண்டு வருகின்றது. 20 மீற்றர் ஆழத்திற் கடன் தீர்ந்து தராசு சமனாகின்றது. அதற்கும் கீழே சென்றால் உவர்நீரின் அழுத்தமே மேலோங்கும். ஆகவே மேலே தெற்கு நோக்கியும் கீழே வடக்கு நோக்கியும் நீர் ஓடுகின்றது.

உண்மையான பொஸ்பரசில் இவ்விரு படைகளின் எல்லை இவ்வாறு கிடையாக இல்லை. வடமுனையில் ஆழமாகவும் தென்முனையில் மேலாகவும் சாய்ந்து கிடக்கின்றது. ஆயினும் பள்ளிப்பிள்ளை செய்யத்தக்க இச்சிறு கணக்கு, உண்மையின் அருகே நம்மைக் கொண்டுபோய் விடுகின்றதைக் கவனித்தீர்களா?

ஏன் நிற்கவில்லை?

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். தொட்டியில் ஓட்டம் நின்றதற்குக் காரணம், அங்கே செலவான வேறுபாட்டை மீண்டும் ஈடுசெய்வார் இல்லாமையே. கடலிலோ ஈடுசெய்வோர் உளர்.

தன்யூப், நீப்பர், நீஸ்தர் முதலிய பேராறுகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விழுந்த மழையைத் திரட்டி இடையறாது கருங்கடலிற் கொட்டுகின்றன. அதன்மீது மழையும் பெய்கின்றது. சூரியன் ஆவியாக்கி எடுத்துக்கொள்வது போகவும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 கன கிலோமீற்றர் நன்னீர் மிஞ்சுகின்றது. அம்மிச்சம் பொஸ்பரஸ் ஒன்றன் வழியாகவே வெளியேறல் வேண்டும். மறுபுறம் மத்தியதரைக் கடலிலே கடும் வெயிலும் வறண்ட காற்றும் நீரை ஆவியாக்கி உப்பை மிகுவிக்கின்றன. ஒருபுறம் ஆறும் மழையும். மறுபுறம் வெயிலும் காற்றும். இவை உள்ளவரை வேறுபாடு அழியாது, ஓட்டமும் நில்லாது.

வேறுபாட்டை அழிய விடாத இந்த ஏற்பாட்டை மார்சிலியின் தொட்டி தன்னகத்தே கொண்டிருக்கவில்லை. அது பொய்யான மாதிரியன்று, முழுமையற்ற மாதிரி. ஓட்டம் எவ்வாறு தொடங்கும் என்பதை அது சரியாகக் கூறிற்று. எவ்வாறு தொடரும் என்பதை அதனிடம் கேட்டல் தகாது.

உப்பின் கணக்கேடு

1881-82ஆம் ஆண்டுகளில் ஸ்தெப்பான் மக்காரொவ் என்னும் உருசியக் கடற்படை அதிகாரி, கொன்ஸ்தாந்திநோபிளில் நின்ற 'தாமான்' என்னும் கப்பலின் தலைவராக இருந்தார். பாரமேற்றிய பீப்பாய் ஒன்றைக் கயிற்றிற் கட்டி அவர் ஆழத்தில் இறக்கியபோது, கீழோட்டம் பீப்பாயை இழுக்க, அதனோடு கட்டுண்ட படகு மேலோட்டத்தையும் எதிர்த்துச் சென்றதாம்! அவர் பலநூறு முறை ஓட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து 1885இல் வெளியிட்ட நூல், பொஸ்பரசின் இரட்டை ஓட்டத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது.

அளவுகள் கிடைத்தபின் கணக்கர் தேவை. தென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி மார்ட்டின் குனுட்சன் 1900ஆம் ஆண்டளவில் இதற்கு ஓர் எளிய வழியை வகுத்தார். ஒரு கடலைக் கடையாகவும் நீரிணையை அதன் வாசலாகவும் கருதுக. கடையின் இருப்பு ஆண்டுக்காண்டு பெரிதும் மாறவில்லையெனின், வரவும் செலவும் சமனாதல் வேண்டும். இங்கே இரண்டு கணக்கேடுகள் உண்டு: ஒன்று நீருக்கு, மற்றது உப்புக்கு.

பொஸ்பரஸ் வழியே வெளியேறும் மேல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 18 கிராம் உப்பு உண்டு. கருங்கடலினுள் நுழையும் கீழ்நீரில் ஏறத்தாழ 36 கிராம் உண்டு. உப்புக் கணக்குச் சமனாக வேண்டுமெனின், உள்ளே வரும் நீரைப்போல் இருமடங்கு நீர் வெளியே செல்லல் வேண்டும். நீர்க்கணக்கிலோ, வெளியே செல்வது உள்ளே வருவதிலும் 300 கன கிலோமீற்றர் மிகுதி. இருமடங்காகவும் இருந்து 300 கூடுதலாகவும் இருக்கத்தக்க எண் எது? உள்ளே வருவது 300. வெளியே செல்வது 600. ஓட்டத்தை அளக்காமலே, உப்பை மாத்திரம் அளந்து, ஆண்டொன்றுக்கு எத்தனை கன கிலோமீற்றர் நீர் போகின்றது வருகின்றது என்று கூறிவிட்டோம். இவை சராசரிக் கணக்குகளே. மழையும் காற்றும் மாறுந்தோறும் உண்மை அளவுகளும் மாறும்.

இதே முறை ஏனைய நீரிணைகளுக்கும் பொருந்தும். ஸ்பெயினுக்கும் மொறொக்கோவுக்கும் இடையே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை, மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் அகலமானது. அங்கே அத்திலாந்திக் சமுத்திரத்தின் நீர் மேலே உட்புகுகின்றது. மத்தியதரைக் கடலின் கன உவர்நீர் கீழே வெளியேறுகின்றது. இது பொஸ்பரசின் மறுதலை. கருங்கடல் வரவு மிகுந்த வீடு. மத்தியதரைக் கடல் செலவு மிகுந்த வீடு. ஆற்றுநீரும் மழையும் சேர்ந்தும், ஆவியாகும் நீரை அங்கே ஈடுசெய்ய முடிவதில்லை.

வால்வெள்ளியாற் புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் எட்மண்ட் ஹலி இதனை 1687லேயே கணக்கிட முயன்றார். கடல்நீரின் அளவுக்கு உப்பிட்ட நீரை ஒரு சட்டியில் ஊற்றி, வெயில்போற் சூடாக்கி, எவ்வளவு குறைகின்றதென நிறுத்தார். அந்தச் சட்டியின் விடையைக் கடலின் பரப்பாற் பெருக்கி, மத்தியதரைக் கடலிலிருந்து நாளொன்றுக்கு 528 கோடி தொன் நீர் ஆவியாகின்றதென்றும், ஆறுகள் கொண்டுவருவது ஏறத்தாழ 183 கோடி தொன்னே என்றும் கண்டார். எண்கள் கரடுமுரடானவை. ஆயினும் வரவிலும் செலவு மிகுதி என்ற முடிவு இன்றும் நிலைத்திருக்கின்றது.

வாசலின் அகலம்

வரவு செலவுக் கணக்கு, எவ்வளவு என்று கூறும். ஏன் அவ்வளவே என்று கூறாது. வாசல் ஒடுக்கமானால் எத்தனை பேர் நெருக்கினாலும் ஒரு நேரத்திற் குறிப்பிட்ட தொகையினரே புகலாம். இரண்டு ஓட்டங்களும் ஒரே வாசலைப் பங்கிட வேண்டியிருப்பின், ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. 1953இல் அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஹென்றி ஸ்டொமெலும் அவரோடு உழைத்தவரும் ஆற்றுக் கழிமுகங்களுக்கு இவ்வெல்லையைக் கணக்கிட்டுக் காட்டினர். பின்வந்தோர் அக்கணக்கை நீரிணைகளுக்கு விரித்தனர். வாசலின் அகலம், அடியில் உள்ள மேட்டின் உயரம், இரு நீர்களின் அடர்த்தி வேறுபாடு ஆகிய மூன்றும் இவ்வெல்லையை வகுப்பனவற்றுள் முதன்மையானவை.

இன்று இக்கணக்குகளைக் கணினிகள் செய்கின்றன. கடலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிறுசிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நீர்க்கணக்கு, உப்புக்கணக்கு, வெப்பக்கணக்கு, விசைக்கணக்கு எழுதி, நொடிக்கு நொடி அவற்றைச் சரிபார்க்கின்றன. பெரிய கடலுக்கு ஐந்து கிலோமீற்றர் அகலமான பெட்டி போதுமானதாகலாம். ஆனால் 700 மீற்றர் அகலமான பொஸ்பரஸ் அத்தகைய பெட்டிக்குள் மறைந்தே போய்விடும். ஆதலால் நீரிணையில் மிகச் சிறிய பெட்டிகளும் கடலிற் பெரிய பெட்டிகளுமாக அமைக்க வேண்டியிருக்கின்றது.

காற்றையும் மறத்தலாகாது. வடக்கிலிருந்து கடுங்காற்று வீசிக் கருங்கடலின் மட்டம் உயரும்போது கீழோட்டம் சில வேளைகளில் அடைபட்டு நின்றுவிடுகின்றது. தெற்கிலிருந்து பெருங்காற்று வீசும்போது மேலோட்டமே தடைப்பட்டுத் திரும்புவதுமுண்டு. சராசரிக் கணக்கில் இந்நாட்கள் கண்ணுக்குத் தெரியா. இவற்றால் வரும் விளைவுகளோ மெய்யானவை.

உயிரற்ற ஆழம்

இக்கணக்குகளால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். கருங்கடலின் ஆழத்தைப் பாருங்கள். 2,200 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடைய அக்கடலில், மேலே உள்ள 150 முதல் 200 மீற்றர் வரையிலான பகுதியே மீன்களுக்கு உரியது. அதற்குக் கீழே ஒட்சிசன் இல்லை. அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு கரைந்துள்ள நீரே உள்ளது. 1890ஆம் ஆண்டு உருசிய ஆய்வுப் பயணமொன்று இதனைக் கண்டறிந்தது.

இதற்கு நீரிணையின் இரட்டை ஓட்டமே மூலகாரணம். கீழோட்டமாக வரும் உவர்நீர் கனமிகுதியால் ஆழத்தை நிரப்புகின்றது. ஆற்றுநீர் கலந்த இலேசான நீர் மேலே மூடியிட்டாற்போற் கிடக்கின்றது. மேல்நீர் காற்றிற் பெற்ற ஒட்சிசன் அந்த மூடியைத் தாண்டி இறங்குவதரிது. கீழோட்டம் கொண்டுவரும் சிறிதளவு ஒட்சிசனும் மேலிருந்து விழும் அழுகற்பொருள்களாற் செலவாகிவிடுகின்றது. ஆழ்நீர் முழுவதும் புதுப்பிக்கப்படுவதற்கோ பல நூற்றாண்டுகள் செல்லும். 700 மீற்றர் அகலமான ஒரு வாசல், ஒரு பெருங்கடலின் வாழ்வையும் சாவையும் வரையறுக்கின்றது.

கீழோட்டத்தை நம்பிய நகரம்

இயற்கையின் கணக்கு இஃது. மனிதர் அதிற் கைவைத்த கதை வேறு.

ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இஸ்தான்புல், தன் கழிவுநீரை எங்கே விடுவது? 1980களின் இறுதியிலிருந்து, திண்மப் பொருள்களை மாத்திரம் வடித்தெடுத்தபின், கழிவுநீரின் பெரும்பகுதியைக் குழாய் வழியாகப் பொஸ்பரசின் கீழோட்டத்தினுள் விடும் முறை கையாளப்பட்டது. கீழோட்டம் வடக்கே செல்கின்றது, அதனுள் விட்டது கருங்கடலின் ஆழத்துக்குப் போய்விடும், மர்மராவுக்குத் தீங்கில்லை. இதுவே அதன் பின்னிருந்த எண்ணம். கீழோட்டத்தின் பெரும்பங்கு வடக்கே செல்வது உண்மையாதலின், இவ்வெண்ணம் அறிவீனமானதன்று. ஆனால் முழுமையானதுமன்று.

எமது தொட்டியிற் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே மெல்லிய ஊதாநிறக் கோடொன்று தோன்றியதை மாணவர்கள் கண்டனர். இரு ஓட்டங்களும் உராயும் இடத்தில் அவை கலக்கின்றன. பொஸ்பரசின் ஒடுக்கங்களிலும் மேடுகளிலும் இக்கலப்பு மிக வலியது. அங்கே கீழ்நீரின் ஒரு பங்கு மேலோட்டத்தினுள் இழுக்கப்பட்டு, வந்த வழியே மர்மராவுக்குத் திரும்புகின்றது. வடகாற்றிற் கீழோட்டம் அடைபடும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். அனுப்பிவிட்டோம் என்று எண்ணிய பொருளின் ஒரு பகுதி, பின்வாசலால் வீடு திரும்புகின்றது.

மர்மராவுக்கு இஸ்தான்புல் மட்டும் கடன்காரனல்லன். கரையோர ஆலைகளும் ஏனைய நகரங்களும், தன்யூப் முதலிய ஆறுகள் கருங்கடல் வழியாகக் கொண்டுவரும் உரச்சத்துகளும் அச்சிறு கடலிலே சேர்கின்றன. மர்மராவின் ஆழ்நீரில் ஒட்சிசன் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. 2021ஆம் ஆண்டின் வசந்தகாலத்திலே, நுண்ணுயிர்கள் மிதமிஞ்சிப் பெருகிச் சுரந்த சளிபோன்ற பொருள் கடலின் மேலே பெரும்பரப்பில் மிதந்தது. துறைமுகங்கள் கூழ் நிறைந்த குளங்கள்போற் காட்சியளித்தன. மீனவர் வலைகள் சளியால் அடைபட்டன. அடியில் வாழ்ந்த பவளங்களும் சிப்பிகளும் அதனால் மூடப்பட்டன. வெப்பமும், காற்றின்மையும், சத்துமிகுதியும் ஒருங்கு கூடியதன் விளைவு அது. அவ்வாண்டு ஜூன் மாதம் துருக்கி அரசாங்கம் 22 அம்சத் திட்டமொன்றை அறிவித்தது. கழிவுநீரை நன்கு சுத்திகரித்தபின்னரே கடலில் விடல் வேண்டுமென்பதும் அதில் அடங்கும்.

பொஸ்பரசுக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளமான புதிய கப்பற் கால்வாயொன்றை வெட்டும் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டது. கருங்கடலுக்கு இரண்டாவது வாசல் திறந்தால், சத்துமிகுந்த மேல்நீர் இன்னும் மிகுதியாக வந்து மர்மராவின் ஒட்சிசனை மேலும் குறைக்குமெனக் கடலியல் அறிஞர் பலர் எச்சரித்துள்ளனர். ஒருமுறை வெட்டிய வாசலைப் பரிசோதனைத் தொட்டியின் தக்கைபோல் மீண்டும் அடைத்தல் எளிதன்று. ஆகவேதான் மண்வெட்டிக்கு முன்னே மாதிரியை வினவுதல் வேண்டும்.

நமது நீரிணை

நம் வாசலிலும் ஒரு நீரிணை உண்டு. பாக்கு நீரிணையும் பாக்குக் குடாவும் ஆதாம் பாலத் திட்டுகளின் இடைவெளிகளும், வங்காள விரிகுடாவை மன்னார்க் குடாவோடு இணைக்கின்றன. ஆயினும் இது பொஸ்பரஸ் போன்றதன்று. இங்கே நீர் மிக ஆழங்குறைந்தது. ஆதாம் பாலத் திட்டுகளிடையே சில மீற்றர் ஆழமே உண்டு. இரண்டு படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எதிர்த்தோட இங்கே இடம் போதாது. காற்றும் வற்றுப்பெருக்குமே இங்கு ஆட்சி செய்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீர் தெற்கு நோக்கித் தள்ளப்படுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓட்டம் மாறுகின்றது. இரு பெருங்கடல்களுக்கிடையிலான பெரும் நீர்ப்பரிமாற்றமோ நம் தீவின் தென்புறத்தைச் சுற்றி நடைபெறுகின்றது.

ஆகவே பொஸ்பரசின் மாதிரியை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்தலாகாது. 2005இல் இந்தியா சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தைத் தொடங்கியபோதும், 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆதாம் பாலத்துக்கு ஊறு நேராதபடி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தபோதும், இரு கரைகளிலும் பெரும் விவாதம் எழுந்ததைப் பெரியோர் மறந்திரார். அவ்விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவராயினும், கடற்படுகையை ஆழப்படுத்தினால் நீரோட்டம் எவ்வாறு மாறும், மண் எங்கே சென்று படியும், மீன் எங்கே செல்லும் என்ற வினாக்களுக்கு இந்தக் கடலின் அளவுகளைக்கொண்டே விடை காணல் வேண்டும். இக்கரை மீனவர்களின் அனுபவமும் அந்த அளவுகளுள் ஒன்றாதல் வேண்டும். மார்சிலி தம் ஆராய்ச்சியை மீனவர் வாக்கிலிருந்தே தொடங்கினார் என்பதை மறவாதிருப்போமாக.

மறுநாட் பரிசோதனை

கேள்வி கேட்ட மாணவனை மறுநாள் ஆய்வுகூடத்துக்கு அழைத்து, "தம்பி, ஓட்டம் நிற்காமலிருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பின்னர் மேசைமேல் இரண்டு வாளிகளை ஏற்றி, இறப்பர்க் குழாய்களைப் பொருத்தினான். ஒரு வாளியிலிருந்து நன்னீர் தொட்டியின் ஒருபுறத்தில் மேலிருந்து வீழ்ந்து சற்றே கலக்கிக்கொண்டிருந்தது. மற்றதிலிருந்து நீல உப்புநீர் மறுபுறத்தின் அடியிற் கசிந்தது. மிகுந்த நீர் விளிம்பிலிருந்து வேறொரு வாளிக்குள் வழிந்தது. தக்கைகளை எடுத்தோம். ஐந்து நிமிடம் சென்றது. பத்து நிமிடம் சென்றது. அரைமணி நேரமும் சென்றது. அடித்துவாரத்தில் நீலம் ஊர்ந்துகொண்டேயிருந்தது.

நான் அவன் முதுகிலே தட்டிக்கொடுத்தேன். அவன் முகத்தில் மகிழ்ச்சி இருந்தபோதிலும் திருப்தி இருக்கவில்லை. தொட்டியைக் குனிந்து நோக்கியபடியே, "சேர், இதிலே இன்னும் காற்றை வைக்கவில்லையே" என்றான்.

அடுத்த தவணையில் ஒரு மின்விசிறி கொண்டுவருவதாக அவனுக்கு வாக்களித்திருக்கின்றேன்.